சீட்டெடுக்கும் கை

ஒரு முடிவைத் தற்செயலிடம் ஒப்படைப்பவர் தம் விருப்பத்தைத் துறக்கிறாரா, அதையே வேறு வழியில் செலுத்துகிறாரா என்னும் கேள்வியைப் போக்கர் சீட்டாட்டம் கூர்மையாக எழுப்புகிறது. வலுவற்ற சீட்டுகளை வைத்துக்கொண்டு வலுவுள்ளவர்போல் பந்தயம் கட்டுவது 'பிளஃப்' எனப்படும். இறுதிச் சுற்றில், நடுவில் குவிந்துள்ள தொகைக்குச் சமமாகக் கட்டும் பந்தயங்களில் மூன்றில் ஒன்று பிளஃபாக இருந்தால், எதிராளி ஏற்றாலும் விலகினாலும் அவருக்குப் பலன் ஒன்றே என்பது கணக்கு. ஆயினும் அந்த ஒன்று எது என்பதை மனமே தேர்ந்தால் நாளடைவில் அதில் ஒரு பழக்கம் படிந்து எதிராளிக்குப் பிடிபட்டுவிடும் என்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் விகிதத்தை முன்பே வகுத்துக்கொண்டு, வலுவற்ற சீட்டு வரும்போது கைக்கடிகாரத்தின் விநாடி முள் முதல் கால்வட்டத்தில் இருந்தால் பந்தயம், இல்லையேல் பந்தயமில்லை என முள்ளுக்குக் கட்டுப்படுகின்றனர். இவ்வகைக் கலப்பு உத்திக்குரிய அடிப்படைத் தேற்றத்தை ஜான் ஃபான் நாய்மன் 1928இல் நிறுவினார்.

மும்பை அறிந்த சூது இதற்கு நேர்மாறானது. நியூயார்க்கிலிருந்து தந்தியில் வந்த பருத்தி விலைகளின்மேல் பந்தயம் கட்டும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் நின்றபின், கல்யாண்ஜி பகத்தும் ரத்தன் கத்ரியும் வளர்த்த மட்கா ஆட்டத்தில், மூன்று சீட்டுகளை எடுத்து, அவற்றைக் கூட்டி வரும் எண்ணின் கடைசி இலக்கத்தை முதலில் 'ஓப்பன்' என்றும், பின்னர் இன்னொரு முறை எடுத்து 'குளோஸ்' என்றும் அறிவித்தனர். கூலியைக் கட்டிய ஆலைத் தொழிலாளர் கனவிலும் வண்டி எண்ணிலும் குறிப்புத் தேடினர். போக்கர் ஆடுபவர் தம்மிடமுள்ள ஒழுங்கை அழிக்கத் தற்செயலை நாட, இவர்களோ ஒழுங்கே இல்லாத இடத்தில் தமக்கென ஒரு செய்தி இருப்பதாக நம்பிப் பொருளிழந்தனர்.

அப்படியாயின், திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பையின் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிவந்த குடும்பங்கள் ஊரில் கண்டு பழகிய பூக்கட்டிப் பார்க்கும் வழக்கமும், அதாவது ஆம், இல்லை என்னும் விடைகளுக்காகச் சிவப்பும் வெள்ளையுமான பூக்களைத் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்துக் குழந்தையை எடுக்கச் செய்வதும், அதே மயக்கம்தானா? அவ்வாறு தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பாகும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஆனால் வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகள் பார்க்கப்பட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்ட பின்னரே ஓலை குடத்துள் சென்றது. சிறுவனின் கை தடுத்தது ஒருசார்பை மட்டுமே. தகுதியை நிறுத்துப் பார்த்தவர்கள் ஊரார்.

பூவை எடுக்கும் குழந்தையின் கையில் இறையருள் இயங்குவதாக நம்புவோர்க்கும், தகுதியை மனிதரே முன்பு பார்த்துவிட்டு எடுப்பதை மட்டும் கைக்கு விடுவது என்னும் இந்த அளவுகோல் பொருந்தும். வந்த பூ பிடிக்கவில்லையென்று மறுமுறை எடுக்கச் சொல்பவர் எதையும் ஒப்படைக்கவில்லை. அதைவிடக் கடுமையான குறை பொட்டலம் கட்டும்போதே நேர்கிறது: இந்த வரனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்கும் வீட்டில் அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்கப்படவேயில்லையென்றால், அது சிவப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை, அந்தப் பழியைச் சந்நிதியில் இறக்கி வைக்கும் உரிமை கட்டியவர்களுக்குக் கிடையாது.