ஆண்மை அங்காடிச் சரக்கா?

மூப்பு என்பது பிறந்தவர் யாவர்க்கும் வந்தே தீருவது. துரைக்கும் வரும், பால் வெட்டியவனுக்கும் வரும். இதனை அறியாதார் எவருமிலர். எனினும், அறிந்த ஒன்றை ஏற்க மறுப்பது மனித சுபாவம். அம்மறுப்பின் மடியிலேதான் காயகற்பமும், பஸ்பமும், தாது புஷ்டி லேகியமும் பிறந்து வளர்ந்தன. இன்று அவ்வரிசையில் 'பெப்டைடு' என்னும் புதுச் சரக்கொன்று வந்து நிற்கின்றது. முதுமையுறும் ஆடவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைப் பெருக்குமென்று கூறி அதனை விற்கின்றனர். அது பலிக்குமா என்பது வைத்தியர் ஆராய வேண்டிய கேள்வி. அதனை விற்பது அறமாகுமா, அதனைத் தேடி ஓடும் மனநிலை நமக்குத் தகுமா என்பன நாம் ஆராய வேண்டிய கேள்விகள்.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கடைத்தெருவில் நடந்தால் தொங்காட் அலி வேரும், அது கலந்த காப்பியும், மாத்திரையும் கண்ணிற்படும். மலாய்க் கிராமத்தாரும் ஒராங் அஸ்லி மக்களும் காய்ச்சலுக்கும் களைப்புக்கும் அவித்துக் குடித்துவந்த காட்டு வேர் அது. இவ்வேரினின்று பிரித்த ஒரு பெப்டைடுக் கூறு ஆண் ஹார்மோனைத் தூண்டுமென்று கூறி, மலேசிய அரசும் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் கூட்டாக 2006இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றன. 2011இல் இவ்வேரின் சாற்றுக்கென மலேசியத் தர அளவும் வகுக்கப்பட்டது. ஆகவே, காட்டு வேர் விஞ்ஞான உடை தரித்துக் கடைக்கு வந்தது.

அவ்வுடைக்குள் இருப்பது யாது? 2012இல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்றில், ஹார்மோன் குறைபாடுடைய 76 ஆடவர்க்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் சாறு ஒரு மாதம் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவு உயர்ந்ததாகக் கண்டனர். நல்ல செய்தியே! ஆயினும் வெறும் மாத்திரை உண்ட வேறொரு கூட்டத்தை அருகே நிறுத்தி அவர்கள் ஒப்பிட்டாரில்லை. பின்னர் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளும் சிலவே. அவற்றில் பங்குகொண்டோரும் சிலரே. 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இச்சாறு மரபணுக்களைச் சேதப்படுத்தக்கூடும் என்னும் ஐயத்தை எடுத்துக்காட்டி, இதன் பாதுகாப்பு நிலைநாட்டப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. கடை விளம்பரத்தில் முன்னைய செய்தி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னைய செய்தியைத் தேடினாலும் காணோம்.

நிற்க. ஊசி வழியே ஏற்றும் பெப்டைடுகளின் கதை இன்னும் நுட்பமானது. மூளையின் அடிப்புறத்தினின்று, பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு ஒன்று, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்புத் துடிப்பாகச் சுரக்கின்றது. அக்கட்டளை பிட்யூட்டரி சுரப்பிக்குச் செல்ல, அச்சுரப்பி விரைகளைத் தூண்ட, அங்கே டெஸ்டோஸ்டிரோன் உண்டாகின்றது. இப்பெப்டைடின் அமைப்பு 1971இல் கண்டறியப்பட்டது. அதற்காக ஷாலி, கில்லமன் என்னும் இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றனர். இதிலுள்ள விந்தை யாதெனில், இதே கட்டளையை இடைவிடாது செலுத்தினால் சுரப்பி செவிடாகி, ஹார்மோன் பெருகுவதற்கு மாறாக அடியோடு வீழ்ந்துவிடும். புராஸ்டேட் புற்றுநோயாளர்க்கு ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு இவ்வழியையே வைத்தியர் கையாளுகின்றனர். மிகுதியாக ஏற்றினால் மிகுதியாகப் பெருகும் என்னும் கடைக்காரன் கணக்கு உடலினுள் செல்லாது.

இவ்வாசை இன்று தோன்றியதுமன்று. 1889இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்னும் 72 வயதுப் பேராசிரியர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, இளமை மீண்டதென்று அறிஞர் சபையில் முழங்கினார், ஐந்தாண்டுகளில் மாண்டார். 1920 முதல் வோரோனாஃப் என்னும் வைத்தியர் குரங்கின் விரைத் துண்டுகளைச் செல்வர்களின் உடலில் ஒட்டிப் பெரும்பொருள் ஈட்டினார், அவ்வித்தையும் பொய்த்தது. இருவரும் படித்தவர்களே. படிப்பு ஆசைக்கு மருந்தாகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பரிசோதனையே கூடாதென்று நாம் கூறவில்லை. சர்க்கரை நோயாளர் உயிர்காக்கும் இன்சுலினும் இவ்வினத்தைச் சார்ந்ததே; அதுவும் ஒருநாள் பரிசோதனைப் பொருளாகத்தான் இருந்தது. ஆனால், பரிசோதனை என்றால் அதற்கொரு கணக்குண்டு. யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்று எழுதுவதற்கு ஓர் ஏடுண்டு. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணிகளாகிய நாம் ஒன்று அறிவோம்: ஏட்டில் பெயர் ஏறாதவனுக்குச் சம்பளமும் இல்லை, காயம்பட்டால் கேட்பாரும் இல்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்திற்கன்று' என்று ஒட்டிய குப்பியை வாங்கித் தானே ஏற்றிக்கொள்பவன் அத்தகையவனே. அவன் மீது பரிசோதனை நடக்கின்றது; எழுதுவார் இல்லை. அவன் கெட்டால் அதனால் மற்றவர் பாடம் கற்கவும் வழியில்லை. ஒட்டுச்சீட்டால் விற்றவன் தப்பிக்கொள்ளுகின்றான். இதனை வாணிபம் என்று அழைக்கலாம். அறம் என்று எங்ஙனம் அழைப்பது?

'என் உடல், என் பணம், பிறர்க்கென்ன?' என்பர் சிலர். நியாயமான கேள்வி. ஆயினும், அவன் மெய்யாகவே சுதந்திரமாக வாங்குகின்றானா என்று பாருங்கள். ஐம்பது வயதான ஒருவன் தளர்ச்சியுற்றால், அதற்குச் சர்க்கரை நோயும், உடற்பருமனும், குடியும், உறக்கமின்மையும் காரணமாகலாம். படுக்கையறைத் தளர்ச்சி, வரவிருக்கும் இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். இவற்றை ஆஸ்பத்திரியில் சொல்ல அவன் நாணுகின்றான். அந்நாணத்தை அறிந்தவனே விற்பனையாளன். சில மாத்திரைகளில் சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் களவாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை எடுத்துக்காட்டியுள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்பவனுக்கு அக்கலப்பு யமனாகும். ஆண்மைக்குறைவு தீர்ப்பதாக விளம்பரம் செய்தலை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. மருந்துகள் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் பெறவேண்டும் என்றும் விதியுண்டு. சட்டம் பொய்யை ஓரளவு தடுக்கும். நாணத்தைத் தடுப்பது யார்?

மெய்யாகவே ஹார்மோன் குறைந்து நோயுற்றாரும் உளர். அவர்க்குச் சிகிச்சை மறுப்பது கொடுமை. 2010இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வின்படி, 40 முதல் 79 வயது வரையுள்ள ஆடவருள், குறைந்த ஹார்மோனும் அதற்குரிய குறிகளும் ஒருங்கே உடையோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. அவ்விருவர் வைத்தியரிடம் செல்க, இரத்தம் சோதிக்கப்படுக, கண்காணிப்போடு மருந்து பெறுக. எஞ்சிய தொண்ணூற்றெண்மரை நோயாளராக்கித்தான் சந்தை வளர்கின்றது.

யயாதியின் கதையை நம் மக்கள் அறிவர். தன் மூப்பை மகன் தலையில் ஏற்றி, அவன் இளமையைத் தான் வாங்கி அனுபவித்த அரசன் அவன். ஆசை தீரவில்லை என்று அவன் ஈற்றில் உணர்ந்ததைக் கதை சொல்வோர் பாராட்டுவர். நாம் கேட்பது வேறு: மகன் ஏன் விலை கொடுக்கவேண்டும்? இன்றும் அவ்விலையை வீடே கொடுக்கின்றது. மாதந்தோறும் குப்பிக்குப் போகும் பணம், மகளின் பள்ளிச் செலவினின்றும் மனைவியின் மருந்தினின்றும் எடுத்த பணமன்றோ?

இக்கேடு அனைத்துக்கும் வேர், ஆண்மை என்பதை உடல் முறுக்கென்று நாம் மக்களுக்குக் கற்பித்ததே. ஆண்டு முழுதும் மழையில் நனைந்து பால் வெட்டி, பிள்ளைகளை ஆளாக்கி, கூனிய முதுகோடு இருக்கும் கிழவனை நோக்கி 'ஆண்மை போயிற்று' என்று சொல்லும் சமூகமே நோயுற்றது. உழைத்ததும், சொன்ன சொல் காத்ததும், மனைவியைச் சமமாக நடத்தியதும் எந்த இரத்தச் சோதனையிலும் தெரியா. வயது ஏறினால் குறைவனவும் அல்ல. தோழர்களே! தளர்ச்சியைப் பற்றி வீட்டில் மனைவியிடமும் ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் கூசாது பேசும் வழக்கத்தை நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உண்டாக்குவோமாக. நாணம் ஒழிந்த இடத்தில் இச்சரக்கு விலைபோகாது.