ஈடு செய்யப்படாத இழப்பும் இறைநம்பிக்கையும்

துன்பக் காலத்தில் இறைவனின் ஆற்றலை நம்புதல் என்பதற்கு, வந்த இடரை அவன் விரைவில் நீக்கிவிடுவான் என எதிர்பார்த்திருத்தல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். அவ்வாறு கொண்டால், இடர் நீங்காதபோது நம்பிக்கையும் பொய்த்ததாகிவிடும். இக்கருத்தை ஆராய்வதற்கு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறும் திலகவதியாரின் வாழ்வு ஏற்றதொரு சான்றாக அமைகிறது.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்த அவரைப் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு மணம் பேசியிருந்தனர். கலிப்பகையார் போருக்குச் சென்றிருந்த வேளையில் தந்தை நோயால் இறக்க, தாயும் உடன் உயிர் துறந்தார். அத்துயர் ஆறுமுன்பே கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியார் கதறி வேண்டியதால், அவருக்காக உயிர் தாங்க இசைந்தார். அத்தம்பியும் பின்னர்ச் சமண சமயத்தைச் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அவரைப் பிரிந்து வாழ்ந்தார்.

தனித்துவிட்ட தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். வீரட்டானங்கள் என்பன சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகப் போற்றப்படும் எட்டுத் தலங்கள். அங்கே நாள்தோறும் விடியுமுன் கோயிலை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்துவந்த அவர், தம்பியை ஆட்கொள்ளுமாறு இறைவனிடம் வேண்டிவந்தார். சூலை எனப்படும் கொடிய வயிற்றுவலியுடன் ஓரிரவு தம்பி வந்து சேர்ந்தபோது, திருநீறு அளித்து, வைகறையில் வழக்கம்போலத் துடைப்பமும் சாணமும் நீர்க்குடமும் ஏந்திச் சென்ற தம் பணியினூடே அவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அத்தம்பியே இறைவனைப் பாடி நோய் நீங்கித் திருநாவுக்கரசர் எனப் பெயர் பெற்றார்.

இவ்வரலாற்றில் தம்பியின் நோய் தீர்ந்தது. ஆனால் பெற்றோரும் மணம் பேசப்பட்டவரும் திலகவதியாருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே, அவருடைய நம்பிக்கையை இழந்தது மீண்டதா என்னும் அளவுகோலால் அளக்க இயலாது. தம் கைக்கு அப்பாற்பட்டதை இறைவனிடம் ஒப்படைத்தமையால், கைக்கு எட்டிய கடமையைச் செய்யும் வலிமை அவரிடம் குன்றாமல் நின்றது. விளைவையும் தாமே சுமக்க முயல்பவர் அச்சத்தால் செயலிழப்பதுண்டு. விளைவு தம்மினும் பெரியதோர் ஆற்றலின் பொறுப்பில் உள்ளது என நம்புபவருக்கு அந்நாளின் வேலை எஞ்சி நிற்கிறது, அதைச் செய்யும் மனமும் எஞ்சி நிற்கிறது.

தமக்கையிடம் கண்ட இத்தொண்டுநெறியைத் தம்பியும் மேற்கொண்டு, புல் செதுக்கும் உழவாரப் படையை இறுதிவரை ஏந்தினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, நாவுக்கரசரும் சைவ அடியாரான ஞானசம்பந்தரும் இறைவன் நாள்தோறும் அருளிய படிக்காசைக் கொண்டு அடியார்களுக்கு அமுதளித்தனர் என்கிறார் சேக்கிழார். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம், இருந்ததென்றும், கைத்தொண்டு செய்ததனால் நாவுக்கரசர் பெற்ற காசு வாசியற்றதாக இருந்ததென்றும் சேக்கிழார் காரணம் காட்டுகிறார். அருளை நம்புவதும் உடல் வருந்த உழைப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே இதன் கருத்தாகும்.

எனவே, நோயாளியின் அருகில் விழித்திருந்து மருந்தளிப்பவரும், கடனால் நொந்தும் அன்றாட வேலையைக் கைவிடாதவரும் இறைவனை நம்புகின்றனர் எனில், அந்நம்பிக்கை அவர்கள் செய்யும் பணியிலேயே மெய்ப்படுகிறது. இடர் நீங்கினால் அது நன்றியாக மலரும். நீங்காவிடினும், துன்பத்துக்கு நடுவே பிறருக்குப் பயன்பட்டு வாழும் ஆற்றலாக அது நிலைபெறும்.