கண்டெடுத்ததும் படைத்ததும்

ஒரு தளத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணைக் குறிப்பதாகக் கொள்க. சுழியில் தொடங்கி, இருப்பதை அதனாலேயே பெருக்கி, அந்த எண்ணைக் கூட்டுக. வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்க. சில புள்ளிகளில் விடை கட்டுக்குள் நிற்கும். சிலவற்றில் எல்லையின்றிப் பெருகி ஓடும். இவ்வளவே கணக்கு. 1980இல் பெனுவா மண்டல்பிராட் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியைக்கொண்டு இதனை வரைந்து ஆராய்ந்தபோது, கரையெல்லாம் சுருளும் கொடியுமாய் ஓர் உருவம் எழுந்தது. அக்கரையில் ஒரு துளியைப் பெரிதாக்கின் அதனுள்ளும் அவ்வுருவத்தின் சாயல். எத்துணை நுழைந்தாலும் முடிவில்லை. இத்தகு வடிவங்களுக்கு அவர் 1975இலேயே ‘ஃபிராக்டல்’ எனப் பெயரிட்டிருந்தார்.

2009இல் டேனியல் வைட், பால் நைலாண்டர் என்னும் இருவர் இதனையொட்டி முப்பரிமாண உருவொன்றை அமைத்தனர். பவளப்பாறை போலத் தோன்றும் அத்தகைய உருக்களின்மீது ஒளியும் நிழலும் படரச் செய்து ஓவியம் ஆக்குவோர் இன்று பலர். ஒளி என்றேன், அங்கே ஒளி ஏது? பார்ப்பவர் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாகப் பாவித்து, அது எதன்மேல் படுகிறது, அவ்விடத்திற்கு விளக்குத் தெரியுமா என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. கண்ணே கதிர் வீசுகிறது என்றுதான் யூக்ளிடும் தாலமியும் கருதினர். அதனை மறுத்து, பொருளிற் பட்ட ஒளியே கண்ணை வந்தடைகிறது என 11ஆம் நூற்றாண்டில் நிறுவியவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கதிரவனை நோக்கின் கண் நோவதை அவர் சான்றாகக் காட்டினார். அவர் தள்ளிய வழியைக் கணிப்பொறி கைக்கொண்டும் படம் பிழைபடவில்லை. சென்ற பாதையிலேயே மீளவல்லது ஒளி.

உருவம் வரைவதில் நம் குடும்பங்களுக்குத் தயக்கம் உண்டு. இங்கே உயிருள்ள எதுவும் வரையப்படவில்லை என்று கூறி நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ‘அல்முஸவ்விர்’, உருவமைப்போன், என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. திருக்குர்ஆன் 59ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனத்தில் வருவது. படத்தின் மூலையில் கையொப்பமிடுபவர் ‘நான் படைத்தேன்’ எனலாமா?

வடிவத்தை அவர் படைக்கவில்லை. மண்டல்பிராட்டும் படைக்கவில்லை. பெருக்கலும் கூட்டலும் உண்மையாயிருக்கும்வரை அவ்வளைவுகள் அங்கேயே இருந்தன, பார்ப்பாரின்றி. ஆனால் நிறம்? ஒரு புள்ளி எத்தனை படிகளில் எல்லை கடந்தது என்பதை மட்டுமே கணக்குச் சொல்லும். இதற்கு நீலம், அதற்குப் பொன் எனத் தீர்த்தவர் ஒரு மனிதர். விளக்கை எங்கே வைப்பது, முடிவில்லாத அக்கரையில் எங்கே நிற்பது, எடுத்த படங்களுள் எவற்றை அழிப்பது, இவையும் அவருடையவே. அவருடைய நிய்யத்தும் இவற்றில்தான் இருக்கிறது. முத்துக் குளிப்பவர் முத்தைச் செய்வதில்லை. ஆயினும் மூச்சடக்கியவர் அவரே.

எல்லா ஓவியரும் இப்படித்தானே என்பர் சிலர். இதே சூத்திரத்தை வேறொருவர் வேறொரு நாட்டில் தாமாகவே எழுதிப் பார்ப்பினும் இதே வடிவம், மயிரிழையும் மாறாமல், வந்து நிற்கிறதே. தூரிகை பிடித்த இருவருக்கு அப்படி நேர்ந்ததுண்டோ?