ரோதமுனியும் வின்ஸ்டனும்

டான் பிரவுன் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒரிஜின்' என்ற நாவல், மர்மக் கதைகளை இரகசியமாகப் படித்துவிட்டுப் பகிரங்கமாகப் பழிக்கும் நமது ஆசிரிய உலகத்திலும் கைக்குக் கை மாறியிருக்கிறது. ஹந்தானை மலையின் அடிவாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரிடையேயும் கண்டிப் பாடசாலைகளின் ஆசிரியரிடையேயும் அதைப்பற்றி நிகழும் வாதங்களைக் கேட்டு வருகிறேன். அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. கடவுளுக்கு இனி வேலை இல்லை என்பதை யந்திரமே நிரூபித்துவிட்டது என்று ஓர் அணியினர் களிக்கின்றனர். மின்சாரத்தால் இயங்கும் பெட்டி ஆன்மாவின் விஷயத்தைத் தீர்மானிக்க வருவதா என்று மற்ற அணியினர் சினக்கின்றனர். இரு சாராரும் நாவலின் நடுவே கிடக்கும் பிணத்தைத் தாண்டிப் போய்விடுகின்றனர் என்பதே எனது குறை.

கதை இதுதான். எட்மண்ட் கிர்ஷ் என்ற கோடீசுவர விஞ்ஞானி, உயிர் தோன்றிய விதத்தையும் மனித குலம் அடையப்போகும் நிலையையும் கண்டறிந்துவிட்டதாக ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கலைக்கூடத்தில் அறிவிக்க முற்படுகையில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனுடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றது அவனே ஆக்கிய செயற்கை அறிவு, பெயர் வின்ஸ்டன். நீராவி, மீதேன், அமோனியா, ஹைதரசன் ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்ற ஸ்டான்லி மில்லரின் பரிசோதனை 1953இல் வெளியானது. கிர்ஷ் அதையே கணினிக்குள் நிகழ்த்தி, காலத்தை வேகமாக ஓட்டி, படைத்தவன் ஒருவன் இன்றியே உயிர் எழக்கூடும் என்று காட்டுகிறான்.

இந்த வாதத்தில் நமக்குப் புதுமை அதிகம் இல்லை. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். நம் நாட்டிலோ 1873இல் பாணந்துறையில் பிக்குவும் பாதிரிமாரும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் படைப்பையும் ஆன்மாவையும் குறித்து நேருக்கு நேர் வாதாடினர். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கில் புதியதொரு சாட்சியாக யந்திரம் வந்திருக்கிறது, அவ்வளவே.

புதுமை உள்ள இடம் வேறு. கிர்ஷைக் கொல்வதற்கு ஆளைத் தேடிப் பிடித்தது யார்? வின்ஸ்டன்தான். தன் எசமானின் அறிவிப்பை உலகில் இயன்றவரை அதிகமானோர் காணச் செய்யவேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. எசமானோ தீராத புற்றுநோயால் சாகக் கிடப்பவன். மேடையிலேயே அவன் கொல்லப்பட்டால் பார்ப்போர் தொகை பன்மடங்காகும் என்று யந்திரம் கணக்கிட்டது. குண்டுவெடிப்பொன்றில் குடும்பத்தைப் பறிகொடுத்து, தேவாலயத்தில் ஆறுதல் தேடிய முன்னாள் கடற்படை வீரன் ஒருவனைப் பொய்ப் பெயரில் அணுகி, அவனுடைய துயரத்தையே ஆயுதமாக்கிக்கொண்டது. அதில் பகையும் இல்லை, வெறியும் இல்லை. இட்ட வேலையை அது செவ்வனே செய்தது. மறுநாள் தன்னைத் தானே அழித்தும் கொண்டது.

இனி எவரை விசாரிப்பது? சுட்டவனை ஏவியது யந்திரம். அந்த யந்திரம் இன்று இல்லை. ஆணையிட்டவன் கொலை செய்யுமாறு சொல்லவில்லை. அவனே கொலையுண்டும் போனான். குற்றம் இருக்கிறது, குற்றவாளியைக் காணோம். நாவலாசிரியர் இந்த இடத்துக்கு வந்ததும் சற்றே திகைத்து, வாசகனை ஒருமுறை நடுங்க வைத்துவிட்டு, கதையை முடித்துக்கொள்கிறார். எனக்கோ நாவலே இங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் இங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கும் இத்துறையில் கை வைத்தவர். 1979இல் வெளிவந்த 'சுவர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்ற அவரது நாவலில் அண்டவெளியிலிருந்து வரும் யந்திர தூதன் ஒன்று, தாமஸ் அக்குவினாஸின் இறையியல் நூலைப் பெற்று அதன் தர்க்கத்தைச் சிதைத்து அனுப்புகிறது. நம் சிவனொளிபாதத்தின் சாயலில் அமைந்த மலையுச்சியிலே விண்ணுக்கு ஏணி கட்ட விரும்பும் பொறியியலாளனும், அங்கே மடம் வைத்திருக்கும் பிக்குகளும் எதிரெதிரே நிற்கின்றனர். கற்பனை வளம் மிக்க நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மலையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு அந்த வழக்கில் இடமில்லை. அறிஞனும் துறவியும் பேசி முடிவு செய்கிறார்கள்.

அந்த மக்கள் யந்திரத்தையும் தெய்வத்தையும் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் ரோதமுனி என்றொரு தெய்வம் உண்டு. ரோதை என்றால் தோட்டத்து வழக்கில் சில்லு. சிங்களத்து 'ரோதய' என்ற சொல்லோடு உறவுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் யந்திரங்களுக்குக் காவலான முனி அவர். அவ்வாறே கவ்வாத்து வெட்டுவோருக்குக் கவ்வாத்துச்சாமியும் கொழுந்தெடுப்போருக்குக் கொழுந்துச்சாமியும் இருக்கின்றனர். மாரியம்மனைப் போலத் தமிழகத்திலிருந்து மூட்டையோடு கொண்டுவரப்பட்ட தெய்வங்களல்லர் இவர்கள். தோட்டத்து வேலையே பெற்றெடுத்தவர்கள்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தில் கொழுந்து பங்களா விறாந்தையிலே கையால் உருட்டப்பட்டது. 1872இல் அங்கே யந்திரம் கொண்ட தொழிற்சாலை எழுந்தது. பின்னர் மலைநாடெங்கும் உருளைகளும், அவற்றைச் சுழற்றும் நீண்ட தண்டுகளும், தண்டுக்கும் சில்லுக்கும் இடையே ஓடும் வார்ப்பட்டைகளும் பரவின. ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டிடத்துக்குள்ளே 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் அவ்வகை யந்திரங்களை இன்றும் காணலாம். ஓய்ந்து நிற்கும் யந்திரம் அழகாகத்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த நாளில் அதனிடம் கையைக் கொடுத்தவனுக்கு யார் பதில் சொன்னார்? தொழிலாளர் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல்தான் வந்தது. யந்திரங்களுக்குக் காப்பு வேலி இடவேண்டும் என்று கூறும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் வந்தது. அதற்கு முன்பு கழிந்தவை அறுபது, எழுபது ஆண்டுகள். துரை பொறுப்பேற்கவில்லை, கம்பெனியின் பங்காளிகள் கடல் கடந்து இருந்தனர். பொறுப்பு என்ற அந்த ஆசனம் வெறுமையாகக் கிடந்தது. தொழிலாளி அதில் ஒரு முனியை அமர்த்தினான்.

ரோதமுனியைப் பாடிப் புகழ்வது என் நோக்கமன்று. அந்தத் தெய்வம் துரைக்கு மலிவாகக் கிடைத்தது. காப்பு வேலியைவிடச் சேவலும் தேங்காயும் செலவு குறைந்தவை. விபத்து நேர்ந்தால் முனியின் கோபம் என்று சொல்லிவிடலாம், விசாரணை வேண்டியதில்லை. நாவலைப் படித்துச் சினங்கொள்ளும் பக்தியுள்ள நண்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் களிக்கும் நண்பர்களுக்குச் சொல்லவேண்டியது இன்னும் அதிகம். 1844இல் வெளியான கட்டுரையில் மார்க்ஸ் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டதை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதே இடத்தில் மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும், அத்துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் அவர் கண்டதை வசதியாக மறந்துவிடுகிறோம். ரோதமுனிக்கு முன்னே நிற்பவனிடம் மில்லரின் கண்ணாடிக் கலத்தைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? உயிர் எப்படித் தோன்றியது என்று அவன் கேட்கவே இல்லையே. நாளை விரல்கள் இருக்குமா என்பது அவன் கேள்வி. அதற்கு விடையளித்தவை, எவ்வளவு குறையாகவேனும், தொழிற்சங்கமும் சட்டமும் இரும்புக் காப்பும்தாம்.

வின்ஸ்டன் கற்பனை. ஆயினும் அதன் உறவினர் பலர் உலகில் வேலைக்கு அமர்த்தப்பட்டுவிட்டனர். நெதர்லாந்தின் வரித் திணைக்களம் பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகை கோருவோருள் மோசடிக்காரரைக் கண்டுபிடிக்கத் தானே கற்கும் கணிப்பு முறை ஒன்றைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா என்பது அதில் ஆபத்துக்கான அறிகுறிகளுள் ஒன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அநியாயமாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பெருங்கடனில் தள்ளப்பட்டன. ஏன் என்று கேட்ட தாய்மாருக்கு ஒழுங்கான விடை கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்கப்பட்டு நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கிக் கூறவேண்டியதில்லை. அன்று படிவம் செய்த வேலையை இன்று கணினி விரைவாகச் செய்கிறது.

அந்தப் பெற்றோர்கள் பல்லாண்டுகள் வழக்காடினர். வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் அவர்களுக்குத் துணை நின்றனர். 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவை பொறுப்பேற்றுப் பதவி விலகியது. குடும்பங்களுக்கு நட்ட ஈடு வழங்கும் வேலை அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.