மது விற்ற காசும் நமது கல்லாப்பெட்டியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். நமது நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளை அடுத்துள்ள பூங்காக்கள் சிலவற்றில் காப்பிக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் நடக்கின்றன. காலையில் உலாவ வருகிற முதியவர்கள் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தவும், மாலையில் பிள்ளைகளை விளையாட விட்டுத் தாய்மார்கள் சற்றே உட்காரவும் அவை வசதியாகவே இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட கடையில் பீரும் ஒயினும் விற்கத் தொடங்கினால் சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்களுக்குக் கவலை பிறக்கிறது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் குடிக்கிறவர்கள் உட்காருவார்களே என்கிறார்கள். புல்லில் உடைந்த போத்தல் கிடந்தால் பிள்ளையின் கால் என்னாவது என்கிறார்கள். இரவில் கூச்சல் ஓயாதே, இருட்டிய பிறகு பெண்மக்கள் அந்த வழியே எப்படி நடந்து வருவது என்கிறார்கள். மகஜர் எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள்.

இத்தகைய மகஜர் நமது கடை வாசலுக்கு வந்தால் நாம் கையொப்பம் இடலாமா, கூடாதா? தாராளமாக இடலாம். இடவும் வேண்டும். ஆயினும் பேனாவைக் கையில் எடுக்குமுன் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நமது கடைக்குள் திரும்பி, நமது குளிர்ப்பெட்டியையும் நமது பேரேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பேசவே இன்று முன்வந்திருக்கிறோம்.

முதலில் அண்டை அயலாரின் குறையை எடுத்துக்கொள்வோம். அது வீண் கூச்சலன்று. மதுவைக் கொண்டும் சூதைக் கொண்டும் மனிதர்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் மூட்டவும், இறைவனுடைய நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் அவர்களைத் தடுக்கவுமே ஷைத்தான் நாடுகிறான் என்று அல்லாஹ் சூரத்துல் மாயிதாவில் எச்சரித்திருக்கிறான். பகைமை முதலில் பிறப்பது எங்கே? குடிப்பவனுடைய வீட்டில், அப்புறம் தெருவில்.

இதற்கு வெளியூர்ச் சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை. நம்மவர் பலர் கடை வைத்திருக்கும் தேக்காவே சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் திடல்களிலும் குடித்துவிட்டுக் கிடப்பதைப் பற்றி அங்குள்ள குடியிருப்பாளர்கள் ஆண்டுக்கணக்காகக் குறைப்பட்டு வந்தார்கள். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி மாண்டார். அதைத் தொடர்ந்து சுமார் 300 பேர் கலகத்தில் இறங்கினார்கள், வாகனங்கள் எரிந்தன. மது ஒன்றே அதற்குக் காரணமென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் விபத்தில் பிறந்த ஆத்திரத்தைக் கலகமாக வளர்த்ததில் போதைக்குப் பங்கு உண்டென்று அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 2014-இல் கூறியது. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிப்பதும், கடையிலிருந்து மதுவை வாங்கிச் செல்வதும் தடுக்கப்பட்டன. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்கிற்கும் அதைவிடக் கடுமையான விதிகள் வந்தன.

அங்குலியாப் பள்ளியும் அப்துல் கபூர் பள்ளியும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. பாங்கு ஒலிக்கும் பேட்டையில் இவ்வளவும் நடந்தது. தமிழ்பேசும் ஏழை உழைப்பாளியின் வாரக் கூலி எந்தக் கடைகளுக்குப் போயிற்று? அக்கடைகளில் ஒன்றேனும் நம்மவருடையதாக இருந்திருந்தால், அல்லாஹ்விடத்தில் அதற்கு நாம் என்ன கணக்குக் காட்டுவோம்?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மதுவைப் பற்றித் திருமறை படிப்படியாகக் கட்டளையிட்டது நமக்கெல்லாம் மத்ரஸாவிலேயே ஓதிக்கொடுக்கப்பட்ட விஷயம். சூரத்துல் பகராவில், மதுவைப் பற்றியும் சூதைப் பற்றியும் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது? அவற்றில் பெரும் பாவமும் இருக்கிறது, மனிதர்களுக்குச் சில பலன்களும் இருக்கின்றன, ஆனால் பலனைவிடப் பாவமே பெரிது என்று சொல்லப்பட்டது. அந்தப் பலன் யாது? வியாபாரத்தில் கிடைக்கும் இலாபத்தை அதில் ஒன்றாக விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வியாபாரிகளே, இதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். மது விற்றால் இலாபம் இல்லையென்று அல்லாஹ் சொல்லவில்லை. இலாபம் உண்டென்று அறிந்தே, அதையும் கணக்கில் சேர்த்தே, பாவம் பெரிதென்று தீர்ப்பளித்தான். நாம் ஐந்தொகை போடும்போது வரவையும் பற்றையும் ஒரே ஏட்டில் எழுதுகிறோம் அல்லவா? பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் பற்றுப் பக்கத்தை மட்டும் பார்க்கிறான்; கடைக்காரன் வரவுப் பக்கத்தை மட்டும் பார்க்கிறான். இரண்டையும் பார்த்தவன் அல்லாஹ் ஒருவனே. பின்னர் இறங்கிய மாயிதாவின் வசனம் முழுவதுமாகத் தவிர்ந்துகொள்ளும்படி கட்டளையிட்டது.

அந்தக் கட்டளை மதீனாவில் அறிவிக்கப்பட்டபோது நடந்ததை அனஸ் (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு அவர்கள் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தெருவில் அறிவிப்பாளர் குரல் கேட்டது. உடனே எல்லாவற்றையும் வெளியே கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. இருக்கிற சரக்கை விற்றுத் தீர்த்துவிட்டு நாளை முதல் நிறுத்துகிறோமென்று ஒருவரும் தவணை கேட்கவில்லை.

இன்னுமொரு ஹதீது அபூதாவூதில் இருக்கிறது. அதே அபூதல்ஹா (ரலி) அவர்களின் பொறுப்பில் சில அநாதைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு வாரிசுச் சொத்தாக மது வந்து சேர்ந்திருந்தது. அதை என்ன செய்வதென்று ரசூல் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, கொட்டிவிடும்படி சொன்னார்கள். காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் கூடாதென்றே விடை கிடைத்தது. அநாதைகளின் முதல் அது! அநாதையின் பொருளைத் தொடுவதை நெருப்பைத் தின்பதற்கு ஒப்பாகச் சொன்ன மார்க்கம், மதுவென்று வந்தபோது அந்த முதலையே மண்ணில் கொட்டச் சொல்லிற்று. வாடகையையும் சம்பளத்தையும் காரணம் காட்டுகிற நாம் அந்த அநாதைகளைவிட எளியவர்களா?

இனி, நமது கடைவீதிகளில் சொல்லப்படும் சாக்குப்போக்குகள் சிலவற்றைப் பார்ப்போம்.

"நாம் குடிப்பதில்லையே; விற்கத்தானே செய்கிறோம்; வாங்குகிறவர் முஸ்லிமுமல்லவே" என்பது முதலாவது. மதுவின் காரணமாகப் பத்துப் பேர் சாபத்துக்குள்ளாவதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஹதீது திர்மிதியில் இருக்கிறது. குடிப்பவன் அதில் ஒருவனே. பிழிபவன், பிழியச் சொல்பவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், ஊற்றிக்கொடுப்பவன், விற்பவன், அதன் கிரயத்தைத் தின்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன் என்று மற்றவர்களெல்லாம் கொடுக்கல் வாங்கலில் நிற்பவர்கள். அந்த வரிசையில் நமது இடம் எதுவென்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மதுத் தோற்பை ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தவரிடம், குடிப்பதை ஹராமாக்கியவன் விற்பதையும் ஹராமாக்கியிருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது மது விற்பனை தடுக்கப்பட்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

"நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்" என்பது இரண்டாவது. விற்கட்டும். அவனுடைய கபுறில் அவன் படுப்பான். நம்முடையதில் நாம்தானே படுக்க வேண்டும்?

"சர்க்காரே லைசென்ஸ் கொடுத்திருக்கிறதே" என்பது மூன்றாவது. பல மதத்தார் வாழும் நாட்டில் சர்க்கார் எல்லாருக்கும் பொதுவாகச் சட்டம் செய்கிறது. அது விற்கலாமென்று அனுமதிக்கிறதேயன்றி, விற்றே தீரவேண்டுமென்று நம்மை வற்புறுத்தவில்லை.

"பீர் வாங்க வருகிறவன் சிகரெட்டும் கச்சானும் வாங்குவான், பீர் இல்லையென்றால் கடையே படுத்துவிடும்" என்பது நான்காவது. இந்தச் சிரமம் உண்மைதான்; அதை நாம் இலேசாகச் சொல்லவில்லை. வாடகை ஏறுகிறது, பெரிய கடைகள் நம்மை நெருக்குகின்றன. ஆனால் நமது சாப்பாட்டுக்கடைக்காரர்களைப் பாருங்கள். முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழ் வேண்டுமானால் கடையில் மது இருக்கக்கூடாது. அவ்விதியை ஏற்றுக்கொண்டே எத்தனையோ பேர் பிரியாணியும் ரொட்டியும் விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். பீர் இல்லாத கடை என்ற பெயரே, பிள்ளைகளோடு வருகிற குடும்பத்தாரை மலாய்க்காரரானாலும் சீனரானாலும் இழுத்து வருவதுண்டு.

சகோதரர்களே, அந்தக் காசு எங்கெங்கே போகிறதென்று எண்ணிப்பார்க்க வேண்டும். கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் நாகூருக்கும் கூத்தாநல்லூருக்கும் போகிறது. தாய் தகப்பன் சாப்பிடுகிறார்கள். பள்ளிவாசல் உண்டியலில் விழுகிறது. ஓதுகிற பிள்ளைகளின் தட்டில் சோறாகிறது. அல்லாஹ் பரிசுத்தமானவன், பரிசுத்தமானதையன்றி வேறெதையும் ஏற்கமாட்டான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிவிட்டு, நெடும்பயணத்தில் புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி இரங்கும் ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னார்கள். அவன் உண்பது ஹராம், குடிப்பது ஹராம், உடுத்துவது ஹராம். அவனுடைய துஆ எப்படிக் கபூலாகுமென்று கேட்டார்கள். நாம் அனுப்பிய காசைச் சாப்பிட்டு நமது உம்மா நமக்காகக் கையேந்தும்போது அந்தத் துஆவுக்கு நாமே தடையாக நிற்கலாமா?

மது எத்தகைய சரக்கென்பதை மார்க்கம் மட்டும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 லட்சம் பேரின் மரணத்துக்கு மது காரணமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. நமது அண்டை நாடான மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை தமிழர் குடும்பங்களை எப்படி அழித்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். கூலியை இழந்த குடும்பங்களின் கண்ணீர் அவர்களைக் கிளப்பிற்று. அவர்கள் நமது மார்க்கத்தாரல்லர். ஆனால் அந்தக் கடைகளில் தமிழன் அழிவதைக் கண்டு சும்மா இருக்கவில்லை.

ஆகையால் செய்ய வேண்டியவை யாவை? மது விற்கும் லைசென்ஸ் வைத்திருப்பவர் தவணை முடியும் வரை காத்திராமல் இன்றே விற்பனையை நிறுத்த வேண்டும். கையிருப்பை என்ன செய்வதென்று நமது பள்ளியின் ஆலிம்சாவைக் கேட்டு நடக்க வேண்டும். கூட்டு வியாபாரத்தில் இருப்பவர் கூட்டாளியோடு உட்கார்ந்து, மனங்கோணாமல் பேசி, மதுவை நீக்கவோ பங்கைப் பிரித்துக்கொள்ளவோ முயல வேண்டும். கட்டடத்தை வாடகைக்கு விடுபவர் குத்தகைப் பத்திரம் எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பீர் சுமக்கும் வேலையை முஸ்லிம் சிப்பந்தியின் தலையில் ஏற்றக்கூடாது. வேறு சரக்குக்கு மாறும் சகோதரருக்குச் சங்கத்தார் கைகொடுக்க வேண்டும். மற்ற வியாபாரிகள் கடனுக்குச் சரக்கு கொடுத்தும், வாடிக்கையாளரை அனுப்பியும் அவரைத் தூக்கிவிட வேண்டும். இது நமக்குக் கடமை. தனியாக விட்டுவிட்டு அவருக்கு உபதேசம் செய்வது எளிது. அதில் பலன் குறைவு.

அதன் பின்னர் அந்த மகஜரில் கையொப்பம் இடுவோம். இடும்போதும் ஒழுங்காக இடுவோம். மது லைசென்ஸ் வழங்குவது காவல்துறை. பூங்காவைப் பராமரிப்பது தேசியப் பூங்காக் கழகமானால் அதற்கும் எழுதலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் நேரிலும் காணலாம். நமது ஹலால் ஹராமைப் பிற மதத்தார் மீது திணிப்பதுபோல எழுத வேண்டாம். பிள்ளைகள், முதியவர்கள், இரவு நேரம், கூச்சல், உடைந்த போத்தல் ஆகிய இவை சீனருக்கும் இந்துவுக்கும் நமக்கும் பொதுவான கவலைகள். அவற்றையே எழுதுவோம். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாமல் வலியுறுத்தியதால், அண்டை வீட்டாரை வாரிசாக்கிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்களே எண்ணும்படி ஆயிற்றாம். அந்த அண்டை வீட்டார் இன்ன மதத்தாரென்று அங்கே பிரிக்கப்படவில்லை.

உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரி நபிமார்களோடும் ஸித்தீக்குகளோடும் ஷஹீதுகளோடும் இருப்பாரென்ற சுபச்செய்தி நமது தொழிலுக்கென்றே வந்தது. அந்த இடத்தை ஒரு போத்தல் பீரின் இலாபத்துக்கு விற்றுவிட வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் கடைகளில் ஹலாலான ரிஜ்கைக் கொண்டு பறக்கத் செய்வாயாக! ஹராமான சரக்கை எங்கள் தட்டுகளிலிருந்தும், ஹராமான காசை எங்கள் பிள்ளைகளின் வயிற்றிலிருந்தும் நீக்குவாயாக! விட்டுவிட நாடியும் வழியறியாமல் நிற்கும் சகோதரர்களுக்கு வழியைத் திறந்து கொடுப்பாயாக! எங்கள் அண்டை அயலார் எம்மதத்தாராயினும் எங்களால் அச்சமின்றி வாழச் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.