இடைகழியில் கிடைத்த இடம்

தென்பெண்ணைக் கரையில் அமைந்த திருக்கோவலூரில், மழையும் இருளும் ஊரை மூடிக் கிடந்த ஓர் இரவு. மிருகண்டு முனிவரின் ஆச்ரமத்து இடைகழியில் ஒருவர் வந்து ஒதுங்கினார். காஞ்சித் திருவெஃகாவில் அவதரித்த பொய்கையாழ்வார் அவர். ஒருவர் காலை நீட்டிப் படுக்க மட்டுமே அங்கே இடமிருந்தது. சற்றைக்கெல்லாம் கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார் வந்து வாயிலில் நின்றார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் அல்லவா? பின்னும் ஒருவர் வந்தார். மயிலையில் அவதரித்த பேயாழ்வார். உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்தனர். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம். அவ்வாறு நின்றபொழுதுதான் நான்காமவர் ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர்.

தேஹளீசனை ஸேவிக்க வரும் அடியார்களில் இந்த வரலாற்றை அறியாதவர் இல்லை. மூன்று திருவந்தாதிகளும் அன்றிரவு பிறந்தன என்பது ஸம்ப்ரதாயம். ஆயினும் அதில் அடங்கிய ஒரு செய்தியைப் பலரும் கேட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். விளக்கேற்றியவர்கள் இருவரே. பொய்கையார் புறத்து இருளுக்கு விளக்கேற்றினார். பூதத்தார் அகத்து இருளுக்கு அன்பினால் விளக்கேற்றினார். பேயாழ்வார் விளக்கு ஏற்றவில்லை. மற்றவர் இருவரும் ஏற்றிய ஒளியிலே அவர் எம்பெருமானைக் கண்டார்; கண்டதைப் பாடினார். அவருக்குச் சக்தி குறைவு என்பதன்று இதன் பொருள். பிறர் ஏற்றிய விளக்கிலும் பெருமாளைக் காணலாம் என்பதை அவர் காட்டிக்கொடுத்தார் என்று கொள்வது தகும்.

இந்தத் திருவிழாவுக்கு வந்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில், தமக்கென ஒரு விளக்கை ஏற்றிக்கொள்ளும் வலுவை இழந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். பெரும்பாலும் அவர் விழாவுக்கு வந்திருக்கமாட்டார். கூப்பிட்டும் எழாமல், வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். உறக்கம் கெட்டிருக்கும், அல்லது உறக்கமே பகலையும் தின்றிருக்கும். சோறு ருசிக்காது. முன்பு ஆசையோடு செய்த காரியத்தில் மனம் ஒட்டாது. தாம் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் ஓயாது அரிக்கும். இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் நீடித்தால், மருத்துவர்கள் அதனை மனச்சோர்வு என்னும் நோயாகக் கருதிப் பார்க்கிறார்கள். வீட்டார் அதனைச் சோம்பல் என்கிறார்கள்; அல்லது பக்தி போதாது என்கிறார்கள். இந்த இரண்டாவது சொல் மிகக் கொடியது. ஏற்கெனவே தம்மைத் தாழ்வாக எண்ணியிருப்பவரிடம் பகவானும் உன்னைக் கைவிட்டான் என்று சொல்வதற்கு அது சமம்.

பக்தி குறைந்ததனால்தான் மனம் சோர்கிறது என்றால் அர்ஜுனனுக்கு அது ஏன் வந்தது? தேர்த்தட்டிலே கண்ணனே ஸாரதியாக நிற்க, அவன் கையிலிருந்து காண்டீபம் நழுவியது, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது. கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். அந்த அத்தியாயத்தில் பகவான் சொன்னது எவ்வளவு? கூடியிருக்கும் குருவம்சத்தாரைப் பார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. மீதமெல்லாம் பார்த்தன் பேசுகிறான், பகவான் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், பேடித்தனம் வேண்டாம், எழுந்திரு என்று கடிந்து சொன்னார். அந்தச் சொல்லினால் அர்ஜுனன் எழுந்தானா என்றால், இல்லை. போர் செய்யேன் என்று சொல்லி மௌனமாகிவிட்டான். அதற்குப் பிறகே பகவான் முறுவல் பூத்து, பொறுமையாக, பதினெட்டாம் அத்தியாயம்வரை உபதேசித்தார். எழுந்திரு என்ற கண்டிப்பு பகவான் வாயிலிருந்து வந்தபோதே போதவில்லை என்றால், வீட்டுப் பெரியவர் வாயிலிருந்து வந்தால் மட்டும் எப்படிப் போதும்?

ஸுந்தரகாண்டம் இன்னும் நெருங்கிச் சொல்கிறது. இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணாத ஆஞ்சநேயர் மனம் ஒடிந்தார். அநிர்வேதம், அதாவது மனம் தளராமையே செல்வத்துக்கு மூலம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மறுபடி தேடினார். அப்பொழுதும் காணவில்லை. இரண்டாம் முறை வந்த சோர்வு முதலாவதைவிடப் பெரிது. உயிரை விட்டுவிடலாமா என்றே நினைத்தார். ஒருமுறை தெளிந்தவருக்கு மறுபடி சோர்வு வந்தால் அது தோல்வி என்று எண்ண வேண்டாம் என்பதற்கு மாருதியே ஸாக்ஷி. உயிரோடிருப்பவனே நன்மையைக் காண்பான் என்று தெளிந்தவர், அடுத்துச் செய்தது மிகச் சிறிய காரியம். இன்னும் தேடாத இடம் எது என்று பார்த்தார். அசோகவனம் கண்ணில் பட்டது. அங்கே போனார். மனம் முழுதும் தெளிந்த பிறகு நடக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அங்கே சிம்சுபா மரத்தடியில் பிராட்டியும் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்திலேயே இருந்தாள். மரத்தின்மேல் மறைந்திருந்த திருவடி, எந்த மொழியில் பேசினால் இவள் அஞ்சமாட்டாள் என்று யோசித்தார். பண்டிதர் பேசும் பாஷையில் தொடங்கினால் இராவணன் என்று நடுங்குவாளே என்று எண்ணி, எளிய மனிதர் பேசும் மொழியில், தசரதர் கதையிலிருந்து மெல்லத் தொடங்கினார். மனம் உடைந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

இக்கால மருத்துவ ஆராய்ச்சியும் ஏறத்தாழ இந்த வழியிலேயே வந்து நிற்கிறது. கோவா மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுடைய 495 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2017ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. அவர்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்போடு, ஆறு முதல் எட்டு முறை ஒருவர் உட்கார்ந்து பேசினார். பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். நோயாளி எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று கேட்டு, அவற்றில் சிறியதொன்றை, மனம் வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நேரத்தில் செய்யத் துணைநின்றார்கள். மூன்று மாத முடிவில் பேச்சுத்துணை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் தேறியிருந்தனர். பெறாதவர்களில் 39 பேர். செயல் முன்னே, மனம் பின்னே என்பதுதான் இம்முறையின் சூக்ஷ்மம். பசி எடுக்கட்டும், பிறகு உண்ணலாம் என்று காத்திருந்தால் பசியே வராத நோய் இது.

நடைக்கும் அவ்வாறே பலன் உண்டு. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேர் பங்கேற்றனர். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை உண்டவர்களும் பதினாறு வாரங்களில் ஏறக்குறைய ஒரே அளவு தேறினர். மாத்திரை மட்டும் சற்று விரைவாக வேலை செய்யத் தொடங்கியது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றி வாழ்பவருக்கு நடையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காஞ்சியிலிருந்து கரிராமனையும் உடன்கொண்டு மலையேறி வந்தோம் என்று வழிவழியாகக் கதை சொல்லும் மலையாளி மக்கள் அவர்கள். அங்கேயும் மனம் சோர்ந்தவர் முதலில் நிறுத்துவது நடையைத்தான். மரவள்ளிக் காட்டுக்குப் போவதில்லை, ஆட்டை அவிழ்ப்பதில்லை. அவரை ஒரு காதம் நடக்கச் சொல்லிப் பயனில்லை. காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி, வெயில் படும்படி வாசல் திண்ணைவரை கூட்டிவந்தால் அன்றைக்கு அது போதும். நாளை வேலிவரை.

கூட்டிவருவது யார் என்பதே பெரிய கேள்வி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா ஸாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957இல் தொடங்கிய காலம் முதல் உறவினர் உடன் தங்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. திருச்சிக்கு அருகே குணசீலம் ப்ரஸன்ன வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியில் மனநோயாளர்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் மரபு உண்டு. தீர்த்தமும் பெருமாள் ஸேவையும் ஒருபுறம் இருக்க, குறித்த நேரத்தில் எழுதல், மணியோசை, உடனிருக்கும் மனிதர்கள் ஆகிய இவையும் மருந்துதான் என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடன் தங்குவது வேறு, கட்டிவைப்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 உயிர்கள் போயின. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் அனுமதிக்கவில்லை. பிரார்த்தனையின் பெயரால் செய்தாலும் அது குற்றமே.

இந்த மாவட்டத்தில் வேறொரு பொய் மருந்தும் உண்டு. துக்கத்தை மறக்கக் குடிக்கிறேன் என்று சொல்லும் வீடுகள் பல. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. விஷம் கலவாத மதுவும் சோர்ந்த மனத்தை மேலும் ஆழத்தில் தள்ளும் என்பது மருத்துவர் அனைவரும் ஒப்பிய உண்மை. அது உறக்கத்தைக் கெடுக்கும், நம்பிக்கையை அரிக்கும். அன்று கணவனையும் மகனையும் இழந்த வீடுகளில் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் சில நாளில் கலைந்திருக்கும். கூட்டம் கலைந்த பிறகு போய் உட்காருகிறவரே அங்கு பாகவதர். வாசலில் நின்று அவர்கள் குடும்பத்தின் குற்றம் பேசுவோர் அல்லர்.

மாத்திரை கூடாது என்பது இங்குப் பேச்சன்று. இலேசான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. கடுமையானதற்குப் பல வேளைகளில் தேவைப்படும். அதை உண்டுகொண்டே நடக்கலாம், பேசலாம், திருநாமம் பாடலாம். ஸந்நிதியில் வேண்டிக்கொண்டாயிற்று என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பெரும் தவறு. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே ஆக வேண்டும். ஒருவர் சாவதைப் பற்றிப் பேசினால், வெறும் பேச்சு என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது உற்றார் கடமை. இரவானாலும் பகலானாலும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். டெலி மானஸ் என்னும் அந்த அரசு உதவி 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. சாவைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று அஞ்சத் தேவையில்லை. கேட்பதனால் தீங்கு வருவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்.

விழா முடிந்து கள்ளக்குறிச்சிக்கும், சின்னசேலத்துக்கும், கோமுகி அணையைத் தாண்டி மலைமேலும் அடியார்கள் திரும்புவார்கள். மடியில் பிரஸாதம் இருக்கும். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் அதை நீட்டி, வந்திருக்கலாமே என்று குறைகூற வேண்டாம். அவர் அருகே பாயில் உட்கார்ந்து, தேர் எந்த வீதியில் நின்றது, மழை வந்ததா, யார் யார் கேட்டார்கள் என்று சொல்லலாம். அவர் பதில் பேசாமல் இருக்கக்கூடும். சற்று நகர்ந்துகொண்டால் அவர் எழுந்து உட்கார இடமிருக்கும். மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் உட்காரலாம்.