தெம்பு யாருக்கு?

கைத்தறி என்றால் என்ன? 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சுருக்கமாகச் சொல்லிவிட்டது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. அதாவது, தறி மின்சாரத்தில் ஓடக் கூடாது. அவ்வளவுதான்!

சரி, மோட்டாரைத் தறியில் மாட்டாமல் நெசவாளியின் காலில் மாட்டினால்?

கேலி பண்ணவில்லை. 1960-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், மனிதன் மாட்டிக்கொண்டு சுமார் 680 கிலோ தூக்கும் 'ஹார்டிமேன்' எந்திர உடையைச் செய்யப் பார்த்தது. ஒரு கையைத் தாண்டி அது உருப்படவில்லை. 2004-ல் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதுகுச் சுமையைத் தானே தாங்கும் எந்திரக் கால்களைக் காட்டியது. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்காய் உருவாக்கிய 'ஹால்' இன்னும் கில்லாடி. தசைக்கு மூளை அனுப்பும் சமிக்ஞையைத் தோல்மேலேயே ஒட்டுக்கேட்டு, காலைத் தூக்க ஒத்தாசை செய்கிறது.

இப்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். குழித்தறி. மிதியை அழுத்தினால் மேலே ஜக்கார்டு பெட்டி பாவு இழைகளைத் தூக்கும். கொக்கிகள் கூடக்கூட மிதியும் கனக்கும். நாள் முழுக்க இதே மிதிதான். முட்டி என்ன ஆகும்?

அந்தக் காலில் எந்திரம் மாட்டினால், 'ஐயையோ, கைத்தறியின் புனிதம் போச்சே!' என்று முதலில் அலறப்போவது யார்? குழியில் இருப்பவரா? புடவை வாங்கும் நாம்தான்!

அதே ஊரில், வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளைச் சுமக்கும் தோள்களுக்கு எந்திரம் கொடுக்கலாமா? கூடாது என்றே எனக்கும் படுகிறது. அங்கே கனம்தான் காணிக்கை. கனத்தைக் குறைத்தால் காணிக்கையும் குறையும். தறியில் நெசவாளி தருவது வேறு. கண், விரல், நிதானம், கோர்வையின் நேர்த்தி... அவருடைய முட்டிவலியால் புடவைக்கு ஒரு இழை அழகுகூடக் கூடுவதில்லை.

ஆனால், பி.காம். புத்தி கணக்குப் போடாமல் விடுமா? புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. 'அதான் அசதியே இல்லையேப்பா, மாசத்துக்கு இன்னொரு புடவை போடேன்' என்று ஆரம்பிக்கும். வேகம் கூடியதும், 'ஒரு புடவைக்கு இவ்வளவு எதற்கு?' என்று கூலியில் கை வைக்கும். எந்திரம் கொடுத்த பலம் இப்போது யார் பாக்கெட்டில்?

சாயங்காலம் குழியைவிட்டு எழும்போது மிச்சமிருக்கும் தெம்பு அவருக்கே என்றால், எந்திரம் வரட்டும். சட்டம் எழுதுகிறவர்களும் சரி, பட்டு எடுக்கப் போகும் நீங்களும் சரி, அந்த ஒன்றை மட்டும் விசாரியுங்கள்.